சோப்பு டப்பா எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

குளியலறையில் முதியவர்கள் விழுவதற்கு ஈரத் தரைதான் காரணம் என்று பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். அதற்காகச் சொரசொரப்பான டைல்ஸ் பதிக்கிறார்கள், ரப்பர் மேட் விரிக்கிறார்கள், தரையை அடிக்கடி தேய்த்துக் கழுவுகிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இத்தனையும் செய்த வீட்டிலும், கைத்தடி ஊன்றி பாத்ரூம் வரை தடுமாறாமல் நடந்து வந்த ஒருவர், உள்ளே நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுவது உண்டு. கால் வழுக்கியிருக்காது. எதிலும் இடறியிருக்காது. சுவரில் மேலே இருக்கும் எண்ணெய்ப் புட்டியை நோக்கியோ கீழே இருக்கும் வாளியை நோக்கியோ அவருடைய கை நீண்டிருக்கும். நடக்கும்போது விழாதவர், நின்றுகொண்டிருக்கும்போது ஏன் விழுகிறார்?

முதியவர்கள் எப்படி விழுகிறார்கள் என்பதை நெடுநாள் அவர்கள் வாய்மொழியாகவே ஆய்வாளர்கள் கேட்டு எழுதி வந்தார்கள். விழுந்தவருக்கு அந்த நொடி சரியாக நினைவிருப்பதில்லை. "வழுக்கிவிட்டது" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ராபினோவிச் குழு வேறு வழியில் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கேமராக்களைப் பொருத்தி, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளை நொடி நொடியாகப் பார்த்தார்கள். முடிவு 2013இல் 'லான்செட்' இதழில் வந்தது. வழுக்கி விழுந்தவை 3 சதவீதம் மட்டுமே. இடறி விழுந்தவை 21 சதவீதம். 41 சதவீதத்துக்குக் காரணம், உடல் எடையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தவறாக மாற்றியது. அதாவது சாய்ந்தபோது, திரும்பியபோது, எட்டியபோது, குனிந்தபோது விழுந்தவர்களே மிகுதி.

இந்தக் கணக்கை அப்படியே குளியலறைக்குப் பொருத்திவிட முடியாது. கேமராக்கள் கூடத்திலும் நடைவழியிலும் உணவறையிலும்தான் இருந்தன. குளியலறையில் யாரும் கேமரா வைக்க மாட்டார்கள். அங்கே ஈரம் உண்டு, ஆகவே வழுக்கல் 3 சதவீதத்தை விடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. தரை முழுக்கக் காய்ந்திருக்கும் இடத்திலேயே ஐந்தில் இரண்டு விழுதல்கள் தவறான எடை மாற்றத்தால் நேர்கின்றன என்றால், ஒரு குளியலுக்குள் பலமுறை எட்டவும் குனியவும் திரும்பவும் செய்யும் அறையில் தரையை மட்டும் கவனிப்பது போதாது. பொருள்கள் இருக்கும் இடமே உடல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மூட்டு வலிக்காரர், பக்கவாதம் வந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோருக்குக் குளியலறை அலமாரியை அமைப்பது, அடிப்படையில், உடல் சமநிலையைப் பற்றிய கணக்கு.

ஈர்ப்பு மையமும் தாங்குதளமும்

உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியர் ஜொவான்னி அல்ஃபோன்சோ பொரெல்லி இதை எளிய முறையில் கண்டார். ஒரு பலகையைக் கூரான விளிம்பின்மேல் வைத்து, அதில் ஓர் ஆளைப் படுக்கவைத்து, எந்த இடத்தில் பலகை இருபுறமும் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தார். நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கு அந்த மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்புக்குள், உடல் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே அமைகிறது.

இன்னொன்று தாங்குதளம். இரண்டு பாதங்களும், அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்த பரப்பு அது. ஈர்ப்பு மையத்திலிருந்து தரைக்கு ஒரு தூக்குக்குண்டு நூல் விட்டால், அந்த நூல் தாங்குதளத்துக்குள் விழும் வரை ஆள் நிற்கலாம். நூல் வெளியே போனால் காலை எடுத்து வைக்க வேண்டும், எதையாவது பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விழ வேண்டும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் நிமிர்வதற்குக் காரணம், அதன் கனமெல்லாம் அகன்ற அடியில் இருப்பது. மனித உடல் அதற்கு நேர்மாறு: கனம் மேலே, அடி சிறியது. சாய்ந்தால் தானாக நிமிராது. ஒவ்வொரு சாய்வையும் தசைகள்தான் இழுத்து நிறுத்த வேண்டும்.

கைத்தடியும் வாக்கரும் உதவுவது இங்கேதான். ஊன்றிய தடியின் நுனியும் தாங்குதளத்தில் சேர்ந்துகொள்கிறது; பரப்பு பெரிதாகிறது. பாத்ரூம் வாசல்வரை அந்த முதியவர் தடுமாறாமல் வந்ததற்குக் காரணம் இதுவே. உள்ளே போனதும் தடியைச் சுவரில் சாய்த்துவிடுகிறார், ஏனென்றால் சோப்பை எடுக்கவும் குவளையைப் பிடிக்கவும் கை வேண்டும். அந்த நொடியில் தாங்குதளம் சுருங்குகிறது, வேலையோ கூடுகிறது.

எட்டும்போது என்ன நடக்கிறது

ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம். 60 கிலோ உள்ள ஒருவர் கையை முன்னே நீட்டினால், 3 கிலோ உடலை விட்டு முன்னே போகிறது. கையில் ஒரு லிட்டர் தண்ணீருள்ள குவளை இருந்தால் இன்னும் ஒரு கிலோ. எடையை விடத் தொலைவு முக்கியம். அதே குவளையை உடலை ஒட்டிப் பிடிப்பதைவிட, மூன்று மடங்கு தள்ளிப் பிடித்தால் அது உடலை முன்னே கவிழ்க்கும் ஆற்றலும் மூன்று மடங்காகிறது. இதைத் திருப்புவிசை என்பார்கள்.

உடல் இதைத் தெரிந்தே வைத்திருக்கிறது. 1967இல் மாஸ்கோவில் பெலென்கி, குர்ஃபிங்கெல், பால்ட்சேவ் ஆகிய மூவர், நிற்பவர்களின் தசைகளில் மின்வாய்களை ஒட்டி, கையை உயர்த்தச் சொன்னார்கள். கையை உயர்த்தும் தோள்தசைக்கு முன்பாகவே, தொடையின் பின்புறத் தசை வேலையைத் தொடங்கிவிட்டது. கை முன்னே போனால் உடல் முன்னே சாயும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, நொடியின் ஒரு சிறு பங்குக்கு முன் காலை இறுக்கிவிடுகிறது. இதை முன்சரிசெய்தல் எனலாம். வயது ஏறும்போதும் பார்க்கின்சன் நோயிலும் இந்த இறுக்கம் தாமதமாக வருகிறது, அல்லது போதாமல் வருகிறது. கை போய்விட்டது, கால் இன்னும் தயாராகவில்லை.

எவ்வளவு தூரம் எட்டினால் ஆபத்து என்பதை அளக்க, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பமேலா டங்கன் 1990இல் ஒரு சோதனையை வகுத்தார். அதற்குக் கருவி ஓர் அளவுகோல்தான். தோள் உயரத்தில் சுவரில் அதைக் கிடைமட்டமாக ஒட்டி, அருகில் நிற்பவர் கையை நீட்டி, காலை நகர்த்தாமல் முன்னே எவ்வளவு எட்ட முடிகிறது என்று குறிப்பார்கள். 20 முதல் 40 வயதுள்ள ஆண்கள் சராசரியாக 16.7 அங்குலம் எட்டினார்கள். 70 வயது தாண்டிய பெண்களின் சராசரி 10.5 அங்குலம். 10 அங்குலத்துக்கு மேல் எட்டுபவர்கள் விழும் வாய்ப்பு குறைவு. 6 அங்குலம் கூட எட்ட முடியாதவர்கள் விழும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல் என்று அடுத்து வந்த ஆய்வில் தெரிந்தது. உலகம் முழுவதும் இயன்முறை மருத்துவர்கள் இன்றும் இதைச் செய்து பார்க்கிறார்கள். 6 அங்குலம் என்பது விரித்த சாணுக்கும் குறைவு. வாஷ்பேசினுக்கு முன்னே நின்று, அதற்கு மேலே சுவரில் இருக்கும் கண்ணாடி அலமாரியைத் திறக்க வேண்டுமானால், பேசினின் அகலம் முழுவதையும் தாண்டி எட்ட வேண்டும். அழகுக்காக நடுச்சுவரில் பொருத்திய அலமாரி, அந்த வீட்டின் பாட்டிக்கு எல்லை தாண்டிய இடம்.

மேலே பார்ப்பதில் உள்ள சிக்கல்

தலைக்கு மேல் உள்ள தட்டு இன்னொரு வகையிலும் ஆபத்தானது. உட்செவியில், தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உணர்த்தும் ஒரு சவ்வின்மேல், கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய செவிக்கற்கள் படிந்திருக்கின்றன. வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ சில கற்கள் உதிர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடும். அந்தக் குழாய்களின் வேலை, தலை சுழல்வதை உணர்வது. தலையை அண்ணாந்தால் கற்கள் குழாய்க்குள் உருண்டு, உள்ளிருக்கும் திரவத்தை இழுக்கின்றன. தலை சுற்றவில்லை, ஆனால் சுற்றுவதாக மூளைக்குச் செய்தி போகிறது. அறையே கிறுகிறுவென்று சுழல்வதாக ஆள் உணர்கிறார். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் இந்தச் சுழற்சி, ஈரத் தரையில் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் விழுவதற்குப் போதுமான அளவு நீளமானது.

இந்தத் தலைச்சுற்றலை ராபர்ட் பாராணி 1921இல் விவரித்தார். அதை வரவழைத்துக் கண்டறியும் முறையை 1952இல் டிக்ஸும் ஹால்பைக்கும் தந்தார்கள். கற்கள் உண்மையிலேயே குழாய்க்குள் மிதக்கின்றனவா என்ற கேள்விக்குக் கண்ணால் கண்ட சான்று 1992இல்தான் வந்தது. கனடாவில் பார்ன்ஸும் மெக்ளூரும் அறுவை சிகிச்சையின்போது திறந்த குழாய்க்குள் மிதக்கும் துகள்களைப் பார்த்தார்கள். மேல்தட்டில் பொருள் தேடும்போது வருவதால் ஆங்கில மருத்துவர்கள் பேச்சு வழக்கில் இதை 'மேல்தட்டுத் தலைச்சுற்றல்' என்றே சொல்வதுண்டு. தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பி, கற்களைப் பழைய இடத்துக்கே அனுப்பும் எளிய சிகிச்சை இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் செய்வார்கள். ஆனால் சிகிச்சைக்குப் பிறகும் இது திரும்ப வரக்கூடும். பாத்ரூமுக்கு மேலே இருக்கும் பரணில் புது சோப்பையும் பினாயிலையும் அடுக்கி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அங்கே இளையவர்கள் எடுத்துத் தரும் பொருள்கள் மட்டும் இருக்கட்டும்.

கீழே குனிவதில் உள்ள சிக்கல்

தமிழ்நாட்டுக் குளியலறையில் மிகத் தாழ்வான 'தட்டு' தரையில் இருக்கும் வாளிதான். மேலை நாட்டு வழிகாட்டி நூல்கள் ஷவரையும் தொட்டியையும் பற்றிப் பேசும். வாளியும் குவளையும் அவற்றில் இருக்காது. ஒரு குளியலுக்கு இருபது குவளை தண்ணீர் என்றால் இருபது முறை குனிந்து நிமிர வேண்டும். வாளியில் தண்ணீர் குறையக் குறைய இன்னும் ஆழமாகக் குனிய வேண்டும். கடைசிக் குவளைக்குத்தான் அதிக வளைவு, உடல் களைத்திருப்பதும் அப்போதுதான்.

குனியும்போது தலையும் மார்பும், அதாவது உடலின் கனமான பகுதிகள், பாதங்களுக்கு முன்னே போகின்றன. நிமிரும்போது வேறொன்று நடக்கிறது. படுத்திருந்தோ உட்கார்ந்திருந்தோ எழும்போது அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அழுத்தத்தைக் காப்பாற்ற வேண்டும். முதுமையிலும் நீரிழிவிலும் இந்தச் சுருக்கம் மந்தமாகிவிடும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில இதைக் கூட்டும். வெந்நீர் தோலின் குழாய்களை விரித்து இன்னும் கூட்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அலகோ கீழ் அழுத்தம் 10 அலகோ குறைந்தால், அதை நிலைமாற்றத் தாழ் இரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். கண் இருட்டுகிறது என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் குனிவதால் வரும் ஆபத்து வேறு: தொடை வயிற்றை நோக்கி அளவுக்கு மீறி மடங்கினால் புது மூட்டு நழுவிவிடலாம் என்பதால், பலருக்குச் சில வாரங்கள் குனியவே கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள்.

இதற்கான தீர்வு மலிவானது. வாளியை ஓர் உறுதியான, அகன்ற காலுள்ள முக்காலியின்மேல் ஏற்றி வைத்து, குளிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தால், குவளை மடியின் உயரத்துக்கு வந்துவிடும். வாளியைக் குளிப்பவர் தூக்கக்கூடாது. குழாய்க்கு நேர் கீழேயே முக்காலி நிற்க வேண்டும், அல்லது ஒரு ரப்பர் குழாயால் நிரப்ப வேண்டும். 15 லிட்டர் வாளி நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். ஒரு லிட்டர் குவளைக்குப் பதில் அரை லிட்டர் குவளை வைத்தால் மணிக்கட்டு தப்பிக்கும்.

கண்ணை மூடும் நொடி

தலையில் சீயக்காயோ ஷாம்புவோ வழியும்போது கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவுவது எல்லாரும் செய்வது. நிற்கும் உடலுக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது: கண், உட்செவி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் 1840களில் எழுதிய நரம்பியல் நூலில், தண்டுவடம் கெட்ட நோயாளிகள் கண் திறந்திருக்கும்போது நின்றார்கள், மூடியதும் தள்ளாடினார்கள் என்று குறித்தார். முகம் கழுவக் கண்ணை மூடியதும் பேசினுக்குள் கவிழ்ந்துவிடுவது இந்த நோயாளிகளின் அடையாளமாகவே பின்னர் மருத்துவப் பாடங்களில் இடம்பெற்றது. இன்று அதே நிலைக்குப் பெரிய காரணம் நீரிழிவு. பல ஆண்டுச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மழுங்கச் செய்கிறது. அப்படிப்பட்டவர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார், அது அவருக்கே தெரிவதில்லை.

ஆகவே கண் மூடியிருக்கும்போது தேவைப்படும் மூன்று பொருள்கள், அதாவது குவளை, துண்டு, கைப்பிடி ஆகியவை, தேடாமல் கைபடும் இடத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் ஒரு சிறு துண்டைப் போட்டுக்கொண்டு தலை குளிப்பது கூட நல்ல ஏற்பாடுதான். துண்டைக் கதவின் பின்புறக் கொக்கியில் மாட்டுவது நல்லதல்ல. சோப்பு நுரையோடு எழுந்து, நடந்து, திரும்பி எடுக்க வேண்டிய இடம் அது.

உட்கார்ந்ததும் மாறும் உயரம்

நின்று குளிப்பவருக்குப் பாதுகாப்பான பகுதி, தோராயமாக இடுப்பிலிருந்து தோள் வரை. தோள் உயரம் மொத்த உயரத்தில் 82 சதவீதம் அளவுக்கு இருக்கும் என்பது உடலளவியலில் பரவலாகக் கையாளும் விகிதம். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது 123 சென்டிமீட்டர். அந்த வீட்டில் சோப்புத் தட்டு 120 சென்டிமீட்டரில் இருந்தால் அவருக்கு வசதிதான்.

முழங்கால் வலி வந்து, அவர் 45 சென்டிமீட்டர் உயர பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் தோள் தரையிலிருந்து 97 சென்டிமீட்டரில் இருக்கும். உச்சந்தலையே 123 சென்டிமீட்டரில்தான். நேற்று வரை தோளுக்கு நேராக இருந்த சோப்புத் தட்டு இன்று உச்சந்தலைக்கு நேராக ஏறிவிட்டது. தட்டு நகரவில்லை, அதனால் யாருக்கும் தோன்றுவதில்லை. விளைவு: ஒவ்வொரு முறையும் சோப்பை எடுக்க அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுகிறார். ஈர நாற்காலியிலிருந்து பாதி எழுவதைவிட நின்றே குளித்திருக்கலாம். நாற்காலி வாங்கும் நாளிலேயே தட்டையும் இறக்க வேண்டும். உட்கார்ந்து குளிப்பவருக்கு 50 முதல் 95 சென்டிமீட்டர் வரை உள்ள பகுதியே சரி. நாற்காலியைப் பற்றியும் ஒரு சொல்: மெல்லிய கால்களுள்ள சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஈர டைல்ஸில் விரிந்து வழுக்கும். காலடியில் ரப்பர் குப்பியுள்ள, கைப்பிடி வைத்த குளியல் நாற்காலி வேண்டும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அமெரிக்க அணுகல் விதிகள் கீழ் எல்லையாக 15 அங்குலமும் மேல் எல்லையாக 48 அங்குலமும் வைத்திருக்கின்றன. பக்கவாட்டில் எட்டுவதற்கு முந்தைய விதிகளில் 54 அங்குலம் வரை அனுமதித்தார்கள். உயரம் குறைந்தவர்களின் கோரிக்கையையும் ஏற்று 2010 விதிகளில் அதை 48ஆகக் குறைத்தார்கள். இது பொதுக் கட்டடங்களுக்கான மேல் எல்லை, வசதியான உயரம் அல்ல. இந்தியர்களின் உடலளவுகளை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகத் தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்து 1997இல் நூலாக வெளியிட்டார். வெளிநாட்டு அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட அது பொருத்தமானது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 5 அடி வெற்றிடம் வேண்டும் என்பது இந்திய வழிகாட்டு நெறிகளிலும் உள்ள அளவு. பல அடுக்குமாடிக் குளியலறைகளில் அகலமே 5 அடிதான். மூலையில் ஓர் அழுக்குத்துணிக் கூடையும், துடைப்பமும், கவிழ்த்த வாளியும் இருந்தால் அந்த இடம் போய்விடும். அவற்றைச் சுவரில் மாட்டலாம், அல்லது வெளியே வைக்கலாம்.

எந்தப் பக்கம் என்பதும் உயரத்தைப் போலவே முக்கியம். பக்கவாதத்தில் இடப்பக்கம் தளர்ந்தவருக்குப் பொருள்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது வெளிப்படை. சிலருக்குக் கையோடு, அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் திறனும் போய்விடுகிறது; இடப்பக்கம் வைத்த குவளை கண்ணில் பட்டாலும் மனதில் படாது. பார்க்கின்சன் நோயாளிகள் நேராக நடப்பதைவிட நின்ற இடத்தில் திரும்பும்போதுதான் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு எல்லாப் பொருளும் முன்னாலேயே ஒரே பக்கத்தில் இருந்தால், திரும்பும் தேவையே இராது.

புட்டியும் பாக்கெட்டும்

வழுக்கி விழும் சோப்பைப் பிடிக்கக் கை தானாகவே பாயும். அந்தப் பாய்ச்சலை யாராலும் அடக்க முடியாது. ஆகவே சோப்பு விழாதபடி செய்ய வேண்டும். அழுத்தினால் வரும் திரவ சோப்பு நல்லது. கட்டி சோப்பே பிடிக்கும் என்பவருக்கு, அதை ஒரு வலைப்பையிலோ பழைய காலுறையிலோ போட்டு முடிச்சிட்டு, கயிற்றில் இடுப்பளவில் தொங்கவிடலாம். ஷாம்பு பாக்கெட்டைப் பிரிக்கக் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் சேர்ந்து கிள்ள வேண்டும். மூட்டுவாதத்தில் அந்தக் கிள்ளும் பலம் குறைந்துவிடும். பல்லால் கடித்துக் கிழித்த மூலைத்துண்டு தரையில் ஒட்டிக்கொண்டு வழுக்கும். பாக்கெட்டுகளை முன்கூட்டியே வெட்டி, ஓர் அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி வைத்துவிடலாம்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். 60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதுக்காரரின் விழித்திரையை அடைவதில் மூன்றில் ஒரு பங்குதான். கண்பாப்பா சுருங்கிவிடுவதும் வில்லை மஞ்சளாவதும் காரணம். வெள்ளை டைல்ஸின் முன் வெள்ளைத் தட்டும் வெள்ளைக் குவளையும் அவர் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். சிவப்பு அல்லது கரும்பச்சைக் குவளை, அடர்நிறக் கைப்பிடி என்று வைத்தால் செலவில்லாமல் காரியம் முடியும்.

சுவரில் எதை நம்பலாம்

தடுமாறும் கை முதலில் போய்ப் பிடிப்பது துண்டு மாட்டும் கம்பியைத்தான். அது ஈரத் துண்டைத் தாங்கச் செய்தது. பிடிமானக் கம்பிக்கு அமெரிக்க விதி 250 பவுண்டு, அதாவது 113 கிலோ விசையைத் தாங்கும் திறனைக் கேட்கிறது. பிடிக்க ஏற்ற தடிமன் 32 முதல் 51 மில்லிமீட்டர். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 38 மில்லிமீட்டர், அதற்குமேல் விட்டால் முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். குளியலறையில் துண்டுக் கம்பி ஒன்று, பிடிமானக் கம்பி ஒன்று என்று வைத்தால், அவசரத்தில் கை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையுமே பிடிமானக் கம்பியாக வைத்துவிடுவதே அறிவுடைமை.

உறிஞ்சி ஒட்டும் கம்பிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சுவரோடு அழுத்துவது வெளிக்காற்று. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்பது காற்றின் அழுத்தம். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் மேல் அதிகபட்சம் 50 கிலோ விசை வரலாம். உள்ளே காற்று துளியும் இல்லாதபோதுதான் இந்தக் கணக்கு. டைல்ஸ் இணைப்புக் கோட்டின் வழியாகக் காற்று மெல்லக் கசியும்; காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் தளர்ந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. சோப்பு டப்பா மாட்ட அது போதும். ஆளைத் தாங்க அதை நம்பக் கூடாது. திருகாணி போட்ட கம்பியிலும் ஒரு கவனம் தேவை: பிளாஸ்டிக் பிளக் பூச்சுக்குள் மட்டும் நின்றுவிடாமல் செங்கல் வரை போக வேண்டும். புதிய அடுக்குமாடிகளில் உள்ள இலகு கான்கிரீட் கல்லில் சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென்றே உள்ள ஆங்கரோ, சுவரைத் துளைத்து மறுபுறம் முடுக்கும் போல்ட்டோ வேண்டும்.

அங்கே இருக்கக் கூடாதவை

மாத்திரைகளைக் குளியலறை அலமாரியில் வைப்பது எடுக்க வசதியாகத் தோன்றும். வெந்நீர் ஆவி மாத்திரைக்கு எதிரி. ஆஸ்பிரின் ஈரத்தை வாங்கினால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடைகிறது. புட்டியைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் அது கெட்டுவிட்டது என்று பொருள். மாத்திரை படுக்கையருகே உலர்ந்த இடத்தில் இருக்கட்டும்.

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் டைல்ஸ் கறையை எடுக்க ஆசிட் வாங்கி வைப்பார்கள். பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடரும் இருக்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றை விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வாகத் தங்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நின்றவரைவிடக் கூடுதலாக அதைச் சுவாசிப்பார், விரைந்து வெளியேறவும் அவரால் முடியாது. இரண்டையும் குளியலறைக்கு வெளியே, தனித்தனி இடத்தில், பழைய தண்ணீர்ப் புட்டிகளில் ஊற்றாமல், பெயர் எழுதிய அதனதன் சொந்தப் புட்டியிலேயே வைக்க வேண்டும். எண்ணெய்க் குளியலுக்கும் இதே போல ஒரு வரம்பு வேண்டும்: எண்ணெய் தேய்ப்பது கூடத்திலோ முற்றத்திலோ முடியட்டும், எண்ணெய்க் கிண்ணம் குளியலறைக்குள் வரவே வேண்டாம். வழிந்த எண்ணெயைத் தண்ணீர் கழுவாது, பரப்பித்தான் வைக்கும்.

தட்டையும் கம்பியையும் மாட்ட ஆசாரியோ பிளம்பரோ வரும்போது, தரை உலர்ந்திருக்கையில், குளிக்கப் போகிறவரையே குளியல் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். அருகில் ஒருவர் நிற்க, உட்கார்ந்திருப்பவர் முதுகு நாற்காலியை விட்டு எழாமல் கையை மட்டும் நீட்டி எங்கெல்லாம் தொட முடிகிறதோ, அங்கெல்லாம் சுவரில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். இரு கைக்கும் தனித்தனியே போட்டால் எந்தப் பக்கம் வலுவானது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கோட்டுக்குள் சோப்பு, குவளை, துண்டு, கம்பி நான்கும் அடங்கினால் போதும். மற்றவை வேறிடத்தில் இருக்கலாம். நோய் கூடினாலோ அறுவை சிகிச்சை நடந்தாலோ மறுபடியும் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். துளையைக் கோடு போட்ட பிறகே போடச் சொல்லுங்கள்.